எண்பது டிகிரியில் கருநீலம்

மாஸ்டருக்குப் பொறாமை என்று யாராவது சொன்னால் அவர் சண்டைக்கே வந்துவிடுவார். அதெல்லாம் ஒன்றுமில்லை, வயிற்றில் புளிப்பு, வெறும் வயிற்றில் டீ குடிப்பதால் வருவது என்பார். அந்தப் புளிப்பு எட்டு மாதமாக இருக்கிறது. அதாவது அவருடைய சகலை கம்பளி மில்லில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து. ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டுக்குப் போனால் கூடுகிறது. சகலை லீவு போட்டால் குறைகிறது. இந்த வியாதிக்கு எந்த டாக்டர் மருந்து எழுதுவார், நீங்களே சொல்லுங்கள்.

மாஸ்டர் என்றால் டையிங் மாஸ்டர். மில்லின் சாயக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷம். கம்பளித் துணியில் சாயம் ஏற வேண்டுமென்றால் தண்ணீர் தளதளவென்று ஒரு மணி நேரம் கொதிக்க வேண்டும், அதற்கு ஒரு நிமிஷம் குறைந்தாலும் ஆகாது என்பது அவருடைய வேதவாக்கு. துணியைச் சாயத்தண்ணீரில் சுற்றிச் சுற்றி முக்கியெடுக்கும் தொட்டிகளுக்கு வின்ச் என்று பெயர். ஒவ்வொரு வின்ச்சாக நின்று, "கொதிச்சுதா? நல்லா கொதிச்சுதா?" என்று கேட்டுக்கொண்டே நடப்பார். சாயக்கூடத்துக்காரர்கள் அவருக்குக் 'கொதி மாஸ்டர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அது அவர் காதுக்கும் வந்தது. வெளியே முறைத்தார், உள்ளே பெருமைதான்.

சகலை, அவர் மனைவியின் தங்கை புருஷன். பதினோரு வயது இளையவன். மில்லில் பிளாஸ்மா மெஷின் என்று ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, ஓட்டத் தெரிந்த ஆளைத் தேடினார்கள். சகலை அதைப் படித்தவன். "நம்ம சின்ன மாப்ளைக்காக ஒரு வார்த்தை சொல்லேன்" என்று மாமனார் கேட்க, போய்ச் சொன்னது யார்? சாட்சாத் இந்த மாஸ்டரேதான். இப்போது நினைத்தால் அந்த நாக்கை இழுத்துவைத்து அறுக்கலாம் போல வருகிறது அவருக்கு.

மெஷின் பார்வைக்குப் பெரிய இரும்பு அலமாரி மாதிரி இருக்கும். உள்ளே இரண்டு தகடுகள். நடுவில் துணி மெதுவாக ஓடும். தகடுகளுக்கு இடையில் இருக்கிற காற்றில் மின்சாரம் பாய்ந்து, ஊதா நிறத்தில் ஒரு வெளிச்சம் நடுங்கும். உஸ்ஸென்று ஒரு சத்தம், இடி இடித்து முடித்த பிறகு வருமே, அந்த மாதிரி ஒரு வாடை. அந்தப் பக்கம் வந்து விழும் துணியைப் பார்த்தால் உள்ளே போன துணிக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. "இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று முதல் நாளே மாஸ்டர் உதட்டைப் பிதுக்கினார். ஆனால் சாயக்கூடத்துக்காரர்கள் இருக்கிறார்களே, நன்றி கெட்ட கூட்டம், ஒரே வாரத்தில் அவனுக்கு 'மின்னல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இவருக்குக் கொதி, அவனுக்கு மின்னல். எது கேட்க நன்றாக இருக்கிறது?

போன ஞாயிற்றுக்கிழமைதான் உச்சம். மாமனார் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். சகலை பையிலிருந்து இரண்டு துண்டுக் கம்பளியை எடுத்து மேஜையில் விரித்தான். இரண்டும் ஒரே துணி. ஒன்று மெஷினுக்குள் போய் வந்தது, மற்றது போகாதது. டம்ளர் தண்ணீரில் விரலை முக்கி, போகாத துண்டின் மேல் ஒரு சொட்டு விட்டான். சொட்டு உருண்டையாக அப்படியே உட்கார்ந்துகொண்டது.

"பாத்தீங்களா மாமா? ஒவ்வொரு கம்பளி முடி மேலயும் மீனுக்கு இருக்குற மாதிரி குட்டிக் குட்டிச் செதில் இருக்கு. செதில் மேல ரொம்ப மெல்லிசா ஒரு கொழுப்பு. அதான் தண்ணிய உள்ள விட மாட்டேங்குது. இப்போ இதப் பாருங்க."

அடுத்த துண்டில் விட்ட சொட்டு விழுந்த இடம் தெரியாமல் மறைந்தது. மாமியார் குனிந்து துணியைத் தடவிப் பார்த்தார்.

"மெஷின்ல அந்தக் கொழுப்பு போயிடும் அத்தை. முடிக்கு உள்ள ஒண்ணும் ஆகாது, மேல்தோல்ல மட்டும்தான் வேலை. தண்ணி போற வழியிலயே சாயமும் போயிடும். கொதிக்க வைக்கவே வேணாம். எண்பது டிகிரி, அரை மணி நேரம். முடிஞ்சுது."

"அடேங்கப்பா!" என்று மாமனார் கையைத் தட்டினார். "அப்போ நம்ம பெரிய மாப்ள இத்தனை வருஷமா சும்மாதான் வெந்நீர் போட்டுக்கிட்டு இருந்தாரா?"

வீடே சிரித்தது. மாமியார் சிரித்தார், கொழுந்தியாள் சிரித்தாள். சகலை மட்டும், "ஐயோ அப்படியில்ல மாமா, அண்ணன் இல்லாம என் மெஷின் ஒண்ணுமில்ல" என்றான். அதுதான் மாஸ்டருக்கு இன்னும் கடுப்பு. சிரித்துத் தொலைத்திருந்தால்கூட அவனைத் திட்ட ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

திரும்பி வரும்போது மனைவியைப் பிடித்துக்கொண்டார். "நீ எதுக்குச் சிரிச்சே?"

"சிரிப்பு வந்துச்சு, சிரிச்சேன். அதுக்கும் உங்ககிட்ட பர்மிஷன் வாங்கணுமா?"

"என்னைப் பாத்துச் சிரிக்கிறாங்க, நீயும் சேந்து சிரிக்கிறே."

"என்னங்க, உண்மையச் சொல்லுங்க. வயிறு எரியுதா?"

"புளிப்பு."

"ஓகோ," என்றாள் அவள். "அந்தப் புளிப்புக்கு எங்க ஊருல பேரு வேற." இருவரும் ஒரே ஊர்தான்.

விஷயம் வெறும் சிரிப்போடு நின்றிருந்தால் பரவாயில்லை. சாயக்கூடத்தின் பொறுப்பாளர் இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலி தனக்குத்தான் என்று மாஸ்டர் பத்து வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார், எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். இப்போது மேனேஜர் ஒரு புதுக் கணக்குப் போட்டார். கோட்டு தைக்கும் கம்பெனி ஒன்று பெரிய ஆர்டரோடு வருகிறது. கொதிக்க வைக்காமல் சாயம் ஏற்றிய துணிதான் வேண்டுமாம், கம்பளி பஞ்சாகாமல் உறுதியாக இருக்குமாம். நாற்பது மீட்டர் துணியை மெஷினில் விட்டு, எண்பது டிகிரியில் கருநீலம் ஏற்றிக் காட்ட வேண்டும். அவர்கள் ஆள் வந்து பார்ப்பார். துணி தேறினால் சாயக்கூடமே மின்னல் கையில். தேறாவிட்டால் மாஸ்டர் கையில். இதை மேனேஜர் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்தே சொன்னார். மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார். ஒன்றாம் தேதியிலிருந்து தன் கொழுந்தியாள் புருஷன் முன்னால் போய், "ரெண்டு நாள் லீவு வேணும்" என்று நிற்பதை நினைத்துப் பார்த்தார். சோறு இறங்கவில்லை.

சோதனைக்கு முதல் நாள் மதியம். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். மாஸ்டர் சீக்கிரம் சாப்பிட்டுவிட்டு வந்து, வழக்கம்போல் கைக்குக் களிம்பு தடவிக்கொண்டார். நாள் முழுக்க அமிலத் தண்ணீரில் புழங்கும் கை, தடவாவிட்டால் வெடித்துவிடும். ஆட்டு ரோமத்துக் கொழுப்பிலிருந்து எடுக்கிற களிம்பு அது, சாயக்கூடத்தில் எல்லோரும் தடவுவதுதான். தடவிக்கொண்டே மெஷின் அறை வாசலுக்கு வந்தார். உள்ளே தள்ளுவண்டியில், மெஷினில் விட்டு எடுத்த அந்த நாற்பது மீட்டர், வெள்ளைத் துணியால் மூடி வைத்திருந்தது. சுவரில் சகலை கைப்பட எழுதிய போர்டு: கையுறை இல்லாமல் துணியைத் தொடக் கூடாது.

அந்தப் போர்டை மாஸ்டர் தனக்காகவே எழுதினதாக எடுத்துக்கொண்டார். அவர் பழக்கம் ஊருக்கே தெரியும். எந்த லாட் துணி வந்தாலும் வின்ச்சில் இறங்குவதற்கு முன் உள்ளங்கையை அழுத்தி வைத்துப் பார்ப்பார். ஈரம் எவ்வளவு, பிசுக்கு எவ்வளவு என்று கை சொல்லிவிடும். "நேத்து வந்தவன் எனக்குத் துணி தொடச் சொல்லிக் குடுக்கறானா?" என்று முணுமுணுத்தபடி மூடியிருந்ததை விலக்கினார். நோக்கம் ஒன்றுதான், ஏதாவது ஒரு குறை கண்டுபிடிக்க வேண்டும்.

கண்டுபிடித்துவிட்டார்! துணி சற்றே முரடாக இருந்தது. பழைய வழுவழுப்பு இல்லை. அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. சந்தேகம் தீர, வலது கையை முழுதாக விரித்து, அழுத்தி, பத்து எண்ணுகிற நேரம் வைத்திருந்தார். வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. சட்டென்று மூடிவிட்டு வெளியே வந்துவிட்டார்.

டீ குடிக்கும்போதுதான் உறைத்தது. கையில் களிம்பு. முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டார். இத்தனை வருஷத்தில் எத்தனை ஆயிரம் துணியில் கை வைத்திருப்பார், ஒரு தடமாவது மிஞ்சியிருக்கிறதா? கொதியில் எல்லாம் போய்விடும். அடுத்த மடக்குக் குடிக்கும்போது டம்ளர் அப்படியே நின்றது. இது கொதிக்கப் போவதில்லையே! கொழுப்பை எடுத்துவிட்ட துணியில் இவர் திரும்பவும் கொழுப்பைப் பூசிவிட்டு வந்திருக்கிறார்.

சொன்னால் போதும். கழுவிக் காயவைத்து, கை பட்ட இரண்டு மீட்டரை மட்டும் இன்னொரு தடவை மெஷினில் விட்டால் தீர்ந்தது. சகலை ஒரு வார்த்தை கோபித்துக்கொள்ள மாட்டான். எழுந்து அவன் அறைவரைக்கும் போனார். அவன் போனில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். "நாளைக்கு முடிஞ்சுதுன்னா மாமாவுக்கு முதல்ல சொல்றேன்" என்றது காதில் விழுந்தது. மாஸ்டர் வந்த வழியே திரும்பினார்.

மறுநாள் காலை துணியை வின்ச்சில் இறக்கினார்கள். சாயம் கலந்தது மாஸ்டர், சூட்டைக் கவனித்தது மாஸ்டர். பக்கத்தில் கையுறையோடு சகலை.

"அண்ணே, ஏதாவது சந்தேகம் இருந்தா இப்பவே சொல்லுங்க. நீங்க பாக்காத துணியா?"

தொண்டை வரைக்கும் வந்தது. சத்தியமாக வந்தது. "ஒண்ணுமில்ல" என்றார்.

எழுபது, எழுபத்தைந்து, எண்பது. முள் அங்கேயே நின்றது. ஆவிகூடச் சரியாக வரவில்லை. மாஸ்டருக்கு இது வேலையாகவே படவில்லை. அரை மணி நேரத்தில் கண்ணாடி டம்ளரில் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் மொண்டு வெளிச்சத்தில் பிடித்தார். மை மாதிரி இருந்த தண்ணீர் இப்போது குடிக்கலாம் போல இருந்தது. சாயம் அத்தனையும் துணிக்குள் போய்விட்டது. ஒரு மணி நேரம் கொதிக்கவைத்தும்கூடத் தண்ணீர் இவ்வளவு தெளிந்து அவர் பார்த்ததில்லை. எப்படியப்பா இவ்வளவு அழகாக இருக்கிறது என்று ஒரு கணம் அவரே மலைத்துவிட்டார். அடுத்த கணம் வயிறு எரிந்தது. இந்த முறை புளிப்பு என்று தனக்குத்தானே கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

மாலை மூன்று மணிக்குக் கோட்டுக் கம்பெனி அம்மா வந்தார். அதிகம் பேசாதவர், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர். காய்ந்த துணியைப் பார்வை மேஜையில், விளக்குக்கு அடியில், மடிப்பு மடிப்பாகப் புரட்டினார்கள். கருநீலம் என்றால் அப்படி ஒரு கருநீலம். ஒரு திட்டு இல்லை, ஒரு கோடு இல்லை. மேனேஜர் முகம் மலர்ந்துகொண்டே வந்தது.

ஐந்தாவது மடிப்பில் கை இருந்தது.

வெளிறிய நீலத்தில், விரித்து வைத்த முழுக் கை. ஐந்து விரல், உள்ளங்கை எல்லாம் அச்சடித்த மாதிரி. சுண்டுவிரல் மட்டும் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. மாஸ்டரின் சுண்டுவிரல் என்றைக்கோ வின்ச்சில் மாட்டி வளைந்தது. அவர் வலது கை தானாகவே பேண்ட் பாக்கெட்டுக்குள் போனது. சகலை அந்த விரலைப் பார்த்தான். பிறகு, ஒரே ஒரு தடவை, மாஸ்டரின் பாக்கெட்டைப் பார்த்தான்.

"யாரு கை இது?" மேனேஜர் கத்தினார். "யாரு கைன்னு கேக்கறேன்!"

மாஸ்டர் கையைப் பாக்கெட்டுக்குள் இன்னும் ஆழமாக நுழைத்தார்.

"என் கைதான் சார்," என்றான் சகலை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தான். "நேத்து அவசரத்துல கையுறை போட மறந்துட்டேன்."

"போர்டு எழுதி மாட்டினவனே நீதானேய்யா! ஊருக்கு உபதேசம், உனக்கு இல்லியா? உன்னை நம்பி ஒரு டிபார்ட்மெண்டைக் குடுத்தா விளங்கிடும். வேணாம்பா. ஒண்ணாந்தேதியிலேருந்து மாஸ்டரே பாத்துக்கட்டும்."

ஆக, கிடைத்துவிட்டது. பத்து வருஷம் காத்திருந்த நாற்காலி, வாயைத் திறக்காமலேயே. மாஸ்டர் சந்தோஷம் வருகிறதா என்று பார்த்தார். கொஞ்சம் வந்தது, வராமலில்லை. ஆனால் அது தொண்டையைத் தாண்டி இறங்கவில்லை. அந்த நாற்காலி இப்போது அவன் போட்ட பிச்சை. இனி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவன் எதிரில் உட்கார்ந்து சோற்றைப் பிசையும்போது அது தெரியும். அவனுக்கும் தெரியும், இவருக்கும் தெரியும். அவன் சொல்லிக்காட்டவும் மாட்டான், பாவி.

இதற்குள் அந்த அம்மா குனிந்து கைத்தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் கேட்டு வாங்கி, தடத்தின் மேல் ஒரு சொட்டு விட்டார். நின்றது. பக்கத்துக் கருநீலத்தில் விட்டார். உடனே உறிஞ்சிக்கொண்டது. கண்ணாடியைக் கழற்றினார்.

"சார், எதுக்குக் கத்தறீங்க? எனக்கு வேண்டியதே இதான்," என்றார் மேனேஜரிடம். "சாயத்தைக் கூடப் போட்டு யார் வேணா கருநீலம் காட்டலாம். கிராஃப் போட்டுக் காட்டலாம். நானும் அதைத்தான் சந்தேகப்பட்டு வந்தேன். இங்க பாருங்க, ஒரே துணி, ஒரே தண்ணி, ஒரே நேரம். கொழுப்பு பட்ட இடத்துல மட்டும் சாயம் ஏறல. இதைவிட என்ன அத்தாட்சி வேணும்? ஆர்டர் உங்களுக்குத்தான். ஆனா இந்தத் துண்டு எனக்கு வேணும். எங்க ஆபீஸ்ல கண்ணாடி போட்டு மாட்டப் போறேன்."

கத்தரி வந்தது. கையைச் சுற்றிச் சதுரமாக வெட்டினார்கள். அந்த அம்மா ஒரு லேபிளை எடுத்துப் பேனாவைத் திறந்தார். சகலையைப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தார்.

"உங்க கைன்னுதான் எழுதணும். பிளாஸ்மா நிபுணரின் கை. சரியா தம்பி?"

மேனேஜர்கூட இளித்தார். சகலை தலையைக் குனிந்துகொண்டான். பேனா லேபிளில் பட்டது. 'பி' எழுதியாயிற்று.

"அது என் கை!"

யார் கத்தியது என்று மாஸ்டரே திரும்பிப் பார்த்தார். கத்தியது அவர்தான். பாக்கெட்டிலிருந்து வெளியே வந்த வலது கை, மேஜைக்கு மேல் விரிந்து நின்றது, வளைந்த சுண்டுவிரலோடு. எல்லோரும் துணியைப் பார்த்தார்கள், கையைப் பார்த்தார்கள்.

"எப்போ தொட்டீங்க?" என்று மேனேஜர் மெதுவாகக் கேட்டார். கத்தியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"நேத்து, சாப்பாட்டு நேரத்துல. களிம்புக் கையோட."

"தெரியாம தொட்டுட்டீங்களா?"

"தொட்டது தெரியாம இல்ல. போர்டைப் படிச்சுட்டுத்தான் தொட்டேன். களிம்புதான் அப்புறம் ஞாபகம் வந்துச்சு." மாஸ்டர் நிறுத்தினார். இனி நிறுத்தி என்ன ஆகப்போகிறது. "ஞாபகம் வந்தப்புறமும் சொல்லல."

அந்த அம்மா எழுதின லேபிளைக் கசக்கிப் போட்டுவிட்டு, இன்னொன்றில் 'டையிங் மாஸ்டரின் கை' என்று எழுதி, துண்டோடு பையில் வைத்துக்கொண்டார். அவருக்கு யார் கையாக இருந்தால் என்ன? மேனேஜர் சகலையின் தோளைத் தட்டி, "ஒண்ணாந்தேதி காலைல என் ரூமுக்கு வா" என்றார். மாஸ்டரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் அந்த அம்மாவும் போய்விட்டார்கள்.

மேஜையில் மீதித் துணி நடுவில் சதுர ஓட்டையோடு கிடந்தது. சகலை அதை மடிக்க ஆரம்பித்தான். மாஸ்டர் இன்னொரு முனையைப் பிடித்தார். இரண்டு மடிப்பு முடிந்தது.

"அண்ணே, நான்தான் சமாளிச்சுட்டேனே," என்றான் சகலை. "எனக்கு மெஷின் இருந்தா போதும்ணே. அந்த நாற்காலி உங்களுக்குத்தானே வந்துச்சு. எதுக்கு வாயத் திறந்தீங்க?"

மாஸ்டர் துணியை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"மாமனாரு உன் பக்கம், என் பொண்டாட்டிகூட என்னைப் பாத்துச் சிரிக்கறா, சாயக்கூடம் உன் பேரைச் சொல்லுது. நல்லவன்கிற பேரும் உனக்கே. எல்லாத்தையும் எடுத்துக்கிட்டே. நான் செஞ்ச தப்பையாவது எனக்கு விட மாட்டியாடா?"

மிச்சமிருந்த மடிப்புகளைச் சகலை தனியாகவே மடித்தான்.